பழைய விவாகரத்துத் தீர்ப்பின் நகலும் மகளின் ஜீவனாம்சப் பாக்கியும்

கேள்வி: எனக்கு 2007-இல் திருமணம் ஆனது. கணவர் எங்களை விட்டுப் போனபின், மகளுக்காக நான் போட்ட வழக்கில் மாதம் 3,000 ரூபாய் ஜீவனாம்சம் தரச் சொல்லி 2011-இல் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் உத்தரவானது. பிறகு 2013-இல், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து இப்போது தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட எங்கள் ஊர் சப் கோர்ட்டில், இருவரும் சம்மதித்து விவாகரத்துப் பெற்றோம். எங்கள் வக்கீல் காலமாகிவிட்டார். என்னிடம் இருப்பது தீர்ப்பின் கடைசிப் பக்க ஜெராக்ஸ் மட்டும். அதில் வழக்கு எண் தெரியவில்லை. மகளுக்கு 16 வயது. அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கத் தீர்ப்பு நகல் வேண்டும் என்கிறார்கள். நான் சென்னையில் வேலை செய்கிறேன், அடிக்கடி ஊருக்குப் போக முடியாது. நகலை எப்படி வாங்குவது? உறவினர்கள் யாராவது அந்தக் காகிதங்களைப் பார்த்துவிட முடியுமா? பத்து மாதமாக அவர் பணமும் அனுப்புவதில்லை. நகல் கிடைத்தபின் அதையும் கேட்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில், போகிற போக்கில் கேட்டிருப்பதற்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம் 2011-இல் பிறப்பித்தது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்படியான உத்தரவாக இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவின் இடத்தில், பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. பழைய உத்தரவு அதனால் செல்லாததாகிவிடவில்லை. ஆனால் பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் ஒரு நிபந்தனை மாறாமல் இருக்கிறது: பாக்கித் தொகை எந்தத் தேதியில் கொடுபட வேண்டியதாக ஆனதோ, அந்தத் தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனுச் செய்தால்தான் அதை வாரண்ட் மூலம் வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடும். உங்களுக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் கடந்தால் முதல் மாதத்தின் 3,000 ரூபாய் இந்த வழியில் கேட்க முடியாததாகிவிடும்; அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதத் தொகை கைநழுவிக்கொண்டே போகும். ஆகவே, விவாகரத்துத் தீர்ப்பின் நகலுக்காகக் காத்திருந்து அதன்பின் பணத்தைக் கேட்பது என்ற வரிசையைத் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் வெவ்வேறு வழக்குகள், வெவ்வேறு காகிதங்கள். பாக்கி வசூலுக்குத் தேவைப்படுவது 2011-ஆம் ஆண்டின் ஜீவனாம்ச உத்தரவே.

அந்த உத்தரவின் நகலை உங்களுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. முன்பு 128-ஆம் பிரிவாகவும் இப்போது 147-ஆம் பிரிவாகவும் உள்ள அந்த விதி, யாருக்குச் சாதகமாக உத்தரவானதோ அவருக்கு நகல் இலவசம் என்பதோடு, பணம் தர வேண்டியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே உத்தரவை நிறைவேற்றலாம் என்றும் சொல்கிறது. உங்கள் முன்னாள் கணவர் இன்று கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருந்தால், அங்கேயே அதை நிறைவேற்ற வழி உண்டு. அவருக்கு வாரண்ட் போய், போதிய காரணமில்லாமல் தராமல் இருக்கிறார் என்று தெரிந்தால், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சிறைக்குப் போய்விட்டு வந்தால் கடன் தீர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள்; அப்படித் தீராது என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே கூறிவிட்டது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நகல் வாங்குவதில் மக்கள் அதிகம் அலைவது, காகிதம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தெரியாமல்தான். குடும்பநல நீதிமன்றங்கள் 1984-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைக்கப்பட்டவை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் அவற்றை அமைப்பது கட்டாயம்; பிற பகுதிகளில் மாநில அரசு தேவையைப் பார்த்து அமைக்கலாம். எனவே எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் அவை இருந்ததில்லை. குடும்பநல நீதிமன்றம் இல்லாத பகுதிகளில் விவாகரத்து மனுக்களை, நீங்கள் சப் கோர்ட் என்று சொல்லும் சார்பு நீதிமன்றமும், ஜீவனாம்ச மனுக்களை நீதித்துறை நடுவர், அதாவது மாஜிஸ்ட்ரேட், நீதிமன்றமும் விசாரித்தன. ஒரு பகுதிக்குப் புதிதாகக் குடும்பநல நீதிமன்றம் வரும்போது, நிலுவையில் இருக்கும் வழக்குகள் அங்கே மாற்றப்படும். ஏற்கெனவே முடிந்துபோன வழக்குகளின் காகிதக் கட்டுகள் பெரும்பாலும் தீர்ப்பளித்த நீதிமன்றத்தின் பதிவறையிலேயே இருக்கும். சில ஆண்டுகள் கழித்து மாவட்ட நீதிமன்றத்தின் பதிவறைக்கு அனுப்பப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே உங்கள் விவாகரத்துக் கட்டைச் சார்பு நீதிமன்றத்திலும், ஜீவனாம்சக் கட்டை மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்திலும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஆனால் புதிதாகப் போட வேண்டிய பாக்கி மனுவை, உங்கள் ஊர் எல்லைக்கு இப்போது குடும்பநல நீதிமன்றம் இருக்குமானால், அங்கேதான் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பழைய காகிதம் ஓரிடத்திலும் புதிய மனு வேறிடத்திலும் இருப்பது குழப்பமாகத் தோன்றினாலும் நடைமுறை இதுதான்.

உங்களிடம் வழக்கு எண் இல்லை. அது இல்லாமல் நகல் பிரிவில் யாரும் எதையும் எடுத்துத் தர முடியாது என்பதால், எண்ணைக் கண்டுபிடிப்பதற்கே முதல் உழைப்பு போகட்டும். விவாகரத்து மனு எச்.எம்.ஓ.பி. என்ற எழுத்துகளோடும், ஜீவனாம்ச மனு எம்.சி. என்ற எழுத்துகளோடும் எண்ணிடப்பட்டிருக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் ஆண்டு, மனு தாக்கலான ஆண்டு, தீர்ப்பான ஆண்டு அன்று. பரஸ்பர சம்மத விவாகரத்தில் மனுவுக்கும் தீர்ப்புக்கும் இடையே வழக்கமாக ஆறு மாதக் காத்திருப்பு இருப்பதால், 2013-இல் தீர்ப்பான உங்கள் மனு 2012-ஆம் ஆண்டு எண்ணைத் தாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு ஆண்டுகளிலும் தேடுங்கள்.

தேடுவதற்கு இ-கோர்ட்ஸ் இணையதளமும் அதே பெயரில் கைப்பேசிச் செயலியும் இருக்கின்றன. அதில் தமிழ்நாடு, மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று தேர்ந்தெடுத்து, மனுதாரர் அல்லது எதிர்மனுதாரர் பெயரையும் ஆண்டையும் கொடுத்து, முடிவுற்ற வழக்குகளைக் காட்டும்படி கேட்க வேண்டும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. ஆனால் வருவாய் மாவட்டம் பிரிந்த அன்றே நீதிமன்றப் பதிவுகளும் பிரிந்துவிடுவதில்லை என்பதால், திருநெல்வேலி, தென்காசி இரண்டின் கீழும் பார்ப்பது நல்லது. நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதியப்படுவதால் ஏற்படும் சிக்கலையும் கவனத்தில் வையுங்கள்: இனிஷியல் முன்னால் வரலாம், பின்னால் வரலாம், விட்டுப்போயிருக்கலாம், லட்சுமி என்ற ஒரு பெயரையே நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். முழுப் பெயரைப் போடாமல், மாறாத முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். கணவர் பெயரிலும், வக்கீல் பெயரிலும் தேடிப் பாருங்கள். வழக்கு கிடைத்துவிட்டால், அதற்கென்று உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த அலுவலகத்திலும் அந்த ஓர் எண் போதும். கணினியில் ஏற்றப்படாத பழைய வழக்குகளும் உண்டு என்பதால், அங்கே கிடைக்கவில்லை என்றதும் வழக்கே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இணையத்தில் தேடப் பழக்கம் இல்லையென்றால், நீதிமன்ற வளாகங்களில் உள்ள இ-சேவா மையத்துக்குப் போகலாம். தமிழக அரசு சாதிச் சான்றிதழ் முதலியவற்றுக்காக நடத்தும் இ-சேவை மையம் வேறு. இது நீதித்துறையின் மையம். வழக்கின் நிலையைப் பார்த்துச் சொல்வது, நகல் விண்ணப்பத்துக்கு உதவுவது போன்ற பணிகளுக்காகவே அது இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் உள்ள மையத்திலேயே தென்காசிப் பக்கத்து வழக்கையும் பார்த்துவிட முடியும்.

இவை தவிர, காகிதம் தங்கியிருக்கக்கூடிய வேறு இடங்களையும் நினைத்துப் பாருங்கள். காலமான வக்கீலின் ஜூனியர்கள், அவருடைய குமாஸ்தா ஆகியோரிடம் பழைய நாட்குறிப்பும் கட்டுகளும் இருக்கலாம். ஊர் வழக்கறிஞர் சங்கத்தில் விசாரித்தால் அவருடைய கட்டுகளை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுவார்கள். குமாஸ்தாக்களின் நினைவாற்றலை நான் பெரிதும் மதிக்கிறேன். எண் மறந்தாலும் எந்த நீதிபதி காலத்தில் நடந்தது என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விவாகரத்துக்குப் பிறகு ரேஷன் அட்டையில் பெயர் பிரித்தபோதோ, வங்கியில் வாரிசுப் பெயரை மாற்றியபோதோ, மகளைப் பள்ளியில் சேர்த்தபோதோ முழு நகலின் ஜெராக்ஸைக் கொடுத்திருந்தால், அதன் முதல் பக்கத்தில் எண் இருக்கும். எதுவும் பலிக்கவில்லை என்றால், நீதிமன்றத்தின் வழக்குப் பதிவேட்டைத் தேடித் தருமாறு, பெயர்களையும் உத்தேசமான காலத்தையும் குறிப்பிட்டு மனுக் கொடுக்கலாம். உங்கள் ஜெராக்ஸில் தீர்ப்புத் தேதி தெரியுமானால் அந்தத் தேடல் எளிதாகிவிடும்.

எண் கிடைத்தபின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் தீர்ப்புரை, தீர்ப்பாணை இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். தீர்ப்புரை என்பது நீதிபதி காரணம் எழுதிய பகுதி; தீர்ப்பாணை என்பது அதன் முடிவை முறைப்படி வரைந்து தருவது, பேச்சில் டிக்ரி என்கிறோமே அது. ஒன்றை மட்டும் வாங்கிவந்துவிட்டு, அலுவலகத்தில் மற்றொன்றைக் கேட்கும்போது மீண்டும் முதலிலிருந்து அலைபவர்களைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. உங்கள் வழக்கில் இவற்றோடு, விவாகரத்து மனுவையும், நீங்கள் இருவரும் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்த கூட்டுக் குறிப்பு இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் நகல் மனு போட்டதோடு வேலை முடிவதில்லை. மனு எண்ணிடப்பட்டு, எத்தனை பக்கம் என்று கணக்கிடப்பட்டபின், அதற்கான நகல் கட்டணத்தைச் செலுத்தும்படி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். குறித்த காலத்துக்குள் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். பிறகு நகல் தயாராகி, ஒப்புநோக்கி, முத்திரையிட்டுத் தரப்படும். மனுச் செய்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டணம் செலுத்திய தேதி, நகல் தயாரான தேதி, பெற்றுக்கொண்ட தேதி எல்லாம் நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வெளியூரில் இருப்பவர்களின் மனுக்கள் வீணாவது பெரும்பாலும் கட்டணம் கேட்ட பட்டியலை யாரும் பார்க்காமல் போவதால்தான். எனவே அந்த ஊரில் உங்களுக்காகப் பலகையைப் பார்க்க ஒருவர் தேவை. மே மாதத்தில் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மனுப் போடுங்கள்.

விவாகரத்துத் தீர்ப்பின் ஒரு நகலை இரு தரப்புக்கும் கட்டணமின்றித் தர வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. 2013-இல் அந்த நகல் உங்கள் வக்கீல் மூலம் பெறப்பட்டிருந்தால், இப்போது வாங்குவது கட்டணத்துக்குரிய மறு நகல். பெறப்படவில்லை என்றால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேட்கலாம். எப்படியானாலும், தொலைந்த நகலுக்குப் பதிலாக இன்னொன்று வாங்க, காவல் நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுத்துச் சான்று பெற வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்காக அலைய வேண்டாம். வழக்கில் ஒரு தரப்பாக இருந்தவர் எத்தனை முறை வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிவிடலாம் என்ற ஆலோசனையும் உங்களுக்கு வரும். நீதிமன்ற ஆவணங்களின் நகலை நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டதால் அந்த வழியில் நாளை வீணாக்காதீர்கள். நீதிமன்ற வாசலில் பணம் வாங்கிக்கொண்டு முடித்துத் தருகிறேன் என்பவர்களிடம் உங்கள் குடும்ப விவரங்களைக் கொடுப்பது அதைவிடத் தவறு.

அந்த ஊரில் யாரை நம்பி விடுவது என்றுதான் அடுத்து யோசிப்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீங்கள் வேலை பார்ப்பதோ சம்பளம் வாங்குவதோ இதற்குத் தடையில்லை. மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழுவும் நீதிமன்ற வளாகங்களில் இயங்குகின்றன. நீங்கள் சென்னையிலிருந்தே விண்ணப்பித்து, உங்கள் ஊர் வட்டக் குழு மூலம் அங்குள்ள ஒரு வழக்கறிஞரை நியமிக்கக் கேட்கலாம்; 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் எங்கே, எப்படி என்று வழிகாட்டுவார்கள். அப்படி நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு வக்காலத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், ஜீவனாம்சப் பாக்கி மனு, இரண்டு நகல் மனுக்கள், நகல் கட்டணம் செலுத்துவது எல்லாவற்றையும் அவரே கவனிக்க முடியும். விண்ணப்பத்தில், பாக்கி மனுவுக்கு ஓராண்டுக் கெடு நெருங்குகிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அது அவர்கள் முன்னுரிமை தர உதவும்.

உறவினர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. சிறிய ஊர்களில் அது பெரிய பாரமும்கூட. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, இத்தகைய வழக்குகளைப் பொதுமக்கள் இல்லாத தனி அறையில் நடத்த வேண்டும் என்றும், உயர் நீதிமன்றம் அல்லது உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு வெளியிடுவதைத் தவிர வேறெந்த விவரத்தையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது என்றும் சொல்கிறது. மீறினால் அபராதம் உண்டு. வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் நபர் நகல் கேட்டால், எதற்காக வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்தோடு காரணம் காட்டி நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற வேண்டும். இணையத்தில் வழக்கு எண், தேதி போன்றவை தெரியக்கூடும். ஆனால் ஊரில் ஒருவர் போய் உங்கள் கட்டைக் கேட்டு வாங்கிப் படித்துவிட முடியாது.

இப்போது கூட்டுக் குறிப்பைக் கேட்கச் சொன்னதன் காரணம். பாஸ்போர்ட் அலுவலகம் பார்ப்பது விவாகரத்தை மட்டுமன்று, மகளின் பொறுப்பு யாரிடம் என்பதையும். பரஸ்பர சம்மத வழக்குகளில் அந்த ஏற்பாடு சில சமயம் தீர்ப்பில் விரிவாக வராமல், மனுவிலோ கூட்டுக் குறிப்பிலோ மட்டும் இருக்கும். எங்குமே எழுதப்படவில்லை என்றாலும் பதற வேண்டாம்; தாய், தந்தை இருவரில் ஒருவருடைய ஒப்புதல் கிடைக்காத நிலையில் மற்றவர் தர வேண்டிய உறுதிமொழிப் படிவம் பாஸ்போர்ட் விதிகளிலேயே இருக்கிறது. இரண்டாவது காரணம் பணம் பற்றியது. நீங்கள் பாக்கியைக் கேட்டதும், விவாகரத்தின்போது எல்லாம் பேசித் தீர்த்துவிட்டோம் என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். அன்று என்ன எழுதிக் கையெழுத்திட்டீர்கள் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். அப்படி ஏதாவது எழுதியிருந்தாலும், தாய் போட்ட கையெழுத்தால் குழந்தையின் ஜீவனாம்ச உரிமை போய்விடாது என்பதே நீதிமன்றங்கள் பொதுவாக எடுக்கும் நிலை. இத்தனை ஆண்டுகள் அவர் பணம் அனுப்பி வந்திருப்பதும் உங்களுக்குத் துணை நிற்கும். அதற்கு ஆதாரமாக உங்கள் வங்கிக் கணக்கின் விவரப் பட்டியலை இப்போதே எடுத்து வையுங்கள்.

பாக்கி மனுவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்வேன். இரண்டு வயதுக் குழந்தைக்கு 2011-இல் போதும் என்று கருதப்பட்ட 3,000 ரூபாய், பதினாறு வயது மாணவிக்கு இன்று போதாது. சூழ்நிலை மாறியிருந்தால் தொகையை உயர்த்தக் கேட்கும் உரிமை முன்பு 127-ஆம் பிரிவிலும் இப்போது 146-ஆம் பிரிவிலும் இருக்கிறது. இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் வகுத்த முறை, ஜீவனாம்ச வழக்குகளில் நாடு முழுவதும் பின்பற்றப்படுகிறது. எனவே அவருடைய சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் துப்புத் துலக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குடும்பநல நீதிமன்றத்தில் முதலில் ஆலோசகரிடம் பேச அனுப்புவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை, அங்கே எதற்கும் சம்மதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தவணையாகத் தருகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டால், வாய்மொழியாக விட்டுவிடாமல் நீதிமன்றப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள்.

மகளுக்கு 18 வயது நிறைந்ததும் இந்தப் பிரிவின்படியான உத்தரவு, உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே பராமரிக்க முடியாத நிலையில் இருந்தாலன்றி, அவளுக்குத் தொடராது. ஆனால் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தன் வருமானத்தில் வாழ இயலாத, திருமணமாகாத மகளுக்கு அந்த வயதுக்குப் பிறகும் தந்தையிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அபிலாஷா எதிர் பர்காஷ் வழக்கில் 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அது அவள் பெயரில் தொடர வேண்டிய தனி வழக்கு. அவள் கல்லூரிக்குப் போகும் ஆண்டில் அதற்கு உங்களிடம் இரண்டு வழக்குகளின் நகல்களும் தேவைப்படும். ஆகவே இப்போது வாங்கும்போதே ஒவ்வொன்றிலும் இரண்டு சான்றிட்ட நகல் வாங்கி, ஒன்றைப் பாஸ்போர்ட்டுக்கும் பிற அலுவலகங்களுக்கும் வைத்துக்கொண்டு, மற்றதை யாருக்கும் கொடுக்காமல் பத்திரப்படுத்துங்கள். திருமணப் பத்திரிகை, பிறப்புச் சான்றிதழ் போன்ற அசல்களை அந்த வழக்குகளில் தாக்கல் செய்திருந்தால், அவற்றைத் திரும்பப் பெறவும் அதே வழக்கறிஞர் மூலம் மனுச் செய்துவிடுங்கள்.